மூன்று தடவை செத்த ஷிர்கே

பம்பாய்ச் சண்டைப் படங்களில் அடிவாங்கியே பிழைப்பவர் ஷிர்கே. அன்று தியேட்டரில் மனைவி சுரேகாவின் பக்கத்தில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். கதையைத் தினமும் காலையில் செட்டில் வைத்தே எழுதிய பழிவாங்கல் படம் அது. நாயகனின் அப்பாவைக் கொன்ற அடியாளாக முதலிலேயே சுடப்பட்டுச் செத்தார். ஆள் போதவில்லையென்று மீசை ஒட்டி, இன்ஸ்பெக்டராக்கி மறுபடி சாகடித்தார்கள். கடைசிச் சண்டையில் மீசைகூடக் கிடையாது. செத்த அடியாளே எழுந்து வந்த மாதிரி நின்றார். கூட்டம் இப்போது கண்டுபிடித்துக் கத்தப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

நாயகனின் கறுப்புக் கோட்டு மெதுவாகப் பறந்தது. விசில் சத்தம் காதைப் பிளந்தது. ஷிர்கே மூன்றாம் தடவையும் செத்தார்.

விளக்கு எரிந்தது. "என்னா கோட்டுங்க அது! கண்ணை எடுக்கவே முடியல," என்றாள் சுரேகா. "ஆமா, படத்துல நீங்க எப்ப வந்தீங்க?"