பாண்டீஸ்வரிக்குத் தைத்த செருப்பு

செல்லூரில் தறிச் சத்தம் கேட்காத சந்து கிடையாது. அப்படி ஒரு சந்தின் முனையில் உட்கார்ந்துதான் சின்னக்கருப்பன் செருப்புத் தைக்கிறார். 'அந்தக் காலத்துல உங்க தொழில் எப்படி இருந்துச்சு!' என்று யாராவது பெருமூச்சு விட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். திருமங்கலத்துப் பக்கம் ஒரு கிராமத்தில், கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலைக்குத் தோல் சால் தைத்தவர் அவருடைய அப்பா. ஊருக்கெல்லாம் செருப்பும் தைத்தார். அறுப்பு முடிந்து களத்தில் கிடைத்த நெல்தான் கூலி. தான் தைத்த செருப்பைத் தான் போட்டுக்கொண்டு பெரிய தெருவுக்குள் போக முடியாது. கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். பம்புசெட் வந்தது, கமலை போனது, குடும்பம் மதுரைக்கு வந்து சேர்ந்தது. "கரண்டு வந்து காப்பாத்துச்சு" என்பார் சின்னக்கருப்பன்.

இந்தச் சந்தில் அப்போது வீட்டுக்கு வீடு செருப்புத் தைத்தார்கள். டவுன் கடைகளுக்கு மூட்டை மூட்டையாகப் போனது. பிறகு ரப்பர் செருப்பு வந்தது, அச்சில் வார்த்த செருப்பு வந்தது. ஒவ்வொருவராகத் தறிக்கும் துப்புரவு வேலைக்கும் போய்விட்டார்கள். சின்னக்கருப்பன் பிழைத்தது ஊராருடைய சர்க்கரை நோயால். காலில் உணர்ச்சி செத்தவர்களுக்கு எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பரில் செய்த செருப்பு வேண்டும். அதில் ஆணி கூடவே கூடாது, பசைதான் போட வேண்டும் என்பது டாக்டர்களின் கண்டிப்பு. அவரும் அப்படியேதான் செய்துகொடுத்தார்.

அவர் மனைவி பாண்டீஸ்வரிக்கும் சர்க்கரை உண்டு. தறிக்கூடத்தில் பொழுதெல்லாம் நின்றபடி நூல் சுற்றுகிறவள். போன வருஷம் அவளுக்கென்று ஒரு ஜோடி தைத்தார். அங்கேதான் மனுஷனுக்குப் புத்தி பிசகியது. ஊராருக்குப் பசை போதும், கட்டினவளுக்குப் போதுமா? வெயிலில் பசை இளகும், ஆணி ஆயுசுக்கும் நிற்கும் என்பது அப்பன் பாட்டன் வழியாக வந்த நம்பிக்கை. வார் பிடுங்கி அவள் நடுரோட்டில் தடுமாறக் கூடாதே என்று ஒவ்வொரு வாருக்கும் அடியிலிருந்து ஒரு சின்ன ஆணி அறைந்தார். பிரியம்தான், வேறென்ன சொல்வது.

ஆணியின் முனையை இரும்பில் வைத்துத் தட்டி மடக்கியபின், உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது தொழில் வழக்கம். தடவினார். வழவழவென்றுதான் இருந்தது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் அது. நெருப்புத் துண்டை எடுத்தாலும் சுடாது. அதனிடம் போய்க் கேட்டால் என்ன சொல்லும்?

"யம்மா, நீ நடந்த எடமெல்லாம் ரத்தமா இருக்கு!" என்று ஒருநாள் சாயங்காலம், அம்மா வேலை விட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினாள் மகள் நாகஜோதி.

குனிந்து பார்த்தபிறகுதான் பாண்டீஸ்வரிக்கே தெரிந்தது. வலி துளியும் இல்லை. சின்னக்கருப்பன் செருப்பை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். மடங்காத ஆணி ஒன்று நெல் முனை அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மஞ்சளை அரைத்துக் கட்டிப் பார்த்தார்கள். புண் உள்ளுக்குள் புரையோடியது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாதமே கறுத்திருந்தது.

"என்னம்மா குத்துச்சு?" என்று கேட்டார் டாக்டர்.

சின்னக்கருப்பன் ஆணியை எடுக்கப் பைக்குள் கையை விட்டார். அதற்குள் பாண்டீஸ்வரி முந்திக்கொண்டாள். "கருவேல முள்ளுங்கய்யா."

காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தும் அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "ஏத்தா, எதுக்குப் பொய் சொன்ன? நாலு வார்த்த வஞ்சுரு. இப்படிப் பேசாம இருக்காத."

"உனக்காகவா சொன்னேன்?" என்றாள் பாண்டீஸ்வரி. "செருப்புல ஆணி இருந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா எந்தச் சக்கரைக்காரன் உங்கிட்ட வருவான்? எனக்குக் காலு இருந்து நான் வேலைக்குப் போனா உன்னைய நல்லா வஞ்சிருப்பேன். இனி நீ தச்சாத்தான நமக்குக் கஞ்சி."

வாயார வைவதற்குக்கூட அவளுக்கு வழியில்லாமல் செய்துவிட்டோம் என்று நினைத்து அன்றைக்கு அழுதார் சின்னக்கருப்பன்.

இப்போது அவர் ஆணியைத் தொடுவதில்லை. ஆனாலும் தைத்து முடித்த செருப்பைத் தூக்கி, அதன் உள்பக்கத்தைத் தன் கன்னத்தில் வைத்து, குதியிலிருந்து விரல் வரைக்கும் மெல்லத் தேய்த்துப் பார்க்கிறார். பழுது பார்க்க வந்த, ஊர்ப் புழுதியெல்லாம் மிதித்த செருப்பாக இருந்தாலும் அப்படித்தான். செருப்பு முகத்தில் பட்டால் கொலை விழுகிற ஊர் இது. தெருவில் போகிறவர்கள் நின்று சிரிக்கிறார்கள்.

வார் தைக்கக் கொடுத்திருந்த தவசி ஒருநாள் பதறிப்போனான். "அண்ணே, என்னண்ணே இது, நான் கால்ல போடுறதப் போயி மூஞ்சில தேய்க்கிறீக!"

"கைக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது மாப்ள. மூஞ்சிக்குத்தான் இன்னும் குத்துனாத் தெரியுது" என்று சொல்லிவிட்டு, அவனுடைய அடுத்த செருப்பைக் கன்னத்துக்குக் கொண்டுபோனார்.