வண்டலூர்ப் புலியும் என் மகனும்

முதலில் வலித்தது நெஞ்சு அல்ல, தாடை. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கோ இடது கீழ்த்தாடை இரண்டு நாளாக விண்விண்ணென்று தெறித்தது. கடைவாய்ப்பல் என்று முடிவுகட்டி, கிராம்புத் தைலம் தடவிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறவள் நான். ஊருக்கெல்லாம் பாடம் சொல்வேன், என் உடம்பு சொன்னது எனக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை முதுகும் சேர்ந்து வலித்து வியர்த்துக் கொட்டியது. என் கணவர் ஆட்டோ பிடித்து, இரும்புலியூரிலிருந்து தாம்பரத்தில் இருக்கும் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அவசரப் பிரிவில் ஈ.சி.ஜி. எடுக்க நர்ஸ் வயர்களை ஒட்டினார். அவருடைய கைக்கடிகாரம் ஐந்து நிமிடம் பின்தங்கி ஓடுகிறதே என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது. அதோடு சரி. என் இதயம் நின்றுவிட்டது.

நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டிருக்கிறார்கள். பிறகு ஆஞ்சியோ (இதயத்துக்குப் போகும் குழாய்களில் அடைப்பைப் படமெடுத்துப் பார்ப்பது), ஸ்டென்ட் (அடைப்பு நீங்கிய இடத்தை விரித்துவைக்கும் சின்ன வலைக்குழாய்). நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதால் சில நாட்கள் வென்டிலேட்டர் (மூச்சுவிட உதவும் இயந்திரம்). இதெல்லாம் பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இதயம் நின்றிருந்த அந்த நேரத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை கேட்கிறார்கள். ஒன்றுமில்லை. இருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, இருட்டைப் பார்க்கவும் ஓர் ஆள் இருக்க வேண்டுமே. ஆனால் இப்படிச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. துபாய் போய்வந்தவர் பெட்டியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் சொந்தக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படிப் பார்க்கிறார்கள்.

வார்டுக்கு மாற்றியதும் என் நாத்தனார் வந்தார். “எமன் வாசல் வரைக்கும் போயிட்டு வந்திருக்க. எங்கப்பாவைப் பாத்தியா?” என்றார். என் மாமனார் உயிரோடு இருந்தபோதே என்னிடம் அதிகம் பேசியதில்லை, அங்கே மட்டும் வந்து வரவேற்பாரா என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டேன்.

நர்ஸ் ஸ்டெல்லாவுக்குச் சந்தேகமே இல்லை. “கர்த்தர் உங்களுக்கு இன்னும் வேலை வெச்சிருக்காரும்மா. அதான் திருப்பி அனுப்பிட்டார்.”

“விடைத்தாள் திருத்தவா சிஸ்டர்?” என்றேன். சிரித்துவிட்டார்.

எதிர் வீட்டு நூர்ஜஹான் அக்கா பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்தார். ஜி.எஸ்.டி. சாலையில் அவர்கள் குடும்பத்துக்கு டைல்ஸ் கடை இருக்கிறது. அவர் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான், “போனவங்க எல்லாம் எங்கக்கா இருப்பாங்க?” என்று கேட்டேன். “ரூஹு அங்க காத்துக்கினு இருக்கும் டீச்சர். எல்லாரையும் ஒரு நாள் அல்லா எழுப்புவான். அதுவரைக்கும் காத்துக்கினு இருக்க வேண்டியதுதான்” என்றார். உயிர் காத்திருக்கிறது என்ற அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது. நான் யாரை மனதில் வைத்துக் கேட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் மகன் தினேஷ். காட்டாங்குளத்தூரில் படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தான். சில வருடங்களுக்கு முன் டெங்கு வந்து இறந்துபோனான். நான்காம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. “அவ்ளோதான், சரியாயிடுச்சு, போய்க் குளிடா” என்று என் கணவர்தான் உற்சாகமாகச் சொன்னார். டெங்குவில் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது (ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுந்துவிடும்) என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. குளித்துவிட்டு வந்தவன் ஈரத்தலையோடு சோபாவில் சாய்ந்தான்.

ஐ.சி.யூ.வுக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி. நான் உள்ளே, அவர் வெளியே நாற்காலியில். “அப்பா எங்கம்மா?” என்று கேட்டான். “வெளியிலதான் இருக்கார்டா” என்றேன். நான் வெளியே போய் அவரை அனுப்புவதற்குள் நிலைமை மோசமாகி, என்னையும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

என் கணவர் தொழிற்சாலையில் பராமரிப்பு இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடவுள், சடங்கு எதிலும் நம்பிக்கை இல்லாதவர். “போனா போனதுதான். மோட்டார் எரிஞ்சுபோனா கரண்ட் எங்க போச்சுன்னு தேடுவியா?” என்பார். மகனுக்குக் காரியம் செய்ய உட்கார மாட்டேன் என்றுவிட்டார். என் தம்பிதான் செய்தான். அமாவாசைதோறும் நான் மொட்டைமாடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைப்பேன். அவர் தடுத்ததில்லை, ஆனால் அந்த நேரத்தில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். குளிக்கச் சொன்னதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அவர் தூக்கம் போனது அப்போதுதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

வென்டிலேட்டரில் இருந்த நாட்களில் நான் தினேஷைப் பார்த்தேன். கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் கைகளை ஊன்றி, ஒரு காலை மற்றொரு கால்மேல் போட்டு நின்றான். தலை ஈரமாக இருந்தது. “அப்பா எங்கம்மா?” என்றான். தொண்டையில் குழாய் இருந்தும் என்னால் பேச முடிந்தது. “வெளியிலதான் இருக்கார்டா.” அவன் சிரித்தான். “சரி” என்றான்.

குழாயை எடுத்து, குரல் திரும்பியதும் நான் முதலில் பேசியது இதைத்தான். கணவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பகுத்தறிவு பேசுகிற மனிதர், கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, “என் மேல கோவமா இருந்தானா?” என்றார்.

“இல்லைங்க. சிரிச்சான்.”

“நல்லாப் பாத்தியா?”

“சிரிச்சான்ங்க.”

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மகன் இறந்த அன்றும் அழாதவர்.

வீடு திரும்பிய பிறகு அவர் ஆளே மாறிப்போனார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குறட்டைவிட்டுத் தூங்கினார். மகனின் கிரிக்கெட் மட்டையைத் துடைத்து எண்ணெய் தடவினார். அவனைப் பற்றிப் பேசினார். சின்ன வயதில் வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் வெள்ளைப்புலிக் கூண்டை விட்டு வரமாட்டேன் என்று அவன் தரையில் உருண்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடுத்த அமாவாசையன்று நான் படியேற முடியாமல் கிடந்தேன். அவரே சோறு வைத்துவிட்டு வந்தார். கூடவே ஓர் ஆம்லெட். அமாவாசைக்கு ஆம்லெட் வைத்த ஒரே ஆள் தாம்பரம் வட்டாரத்திலேயே இவராகத்தான் இருப்பார்.

“அவனுக்குப் பிடிக்கும்ல?” என்றார்.

அப்படியே விட்டிருக்கலாம்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது இதய மருத்துவர், “ஐ.சி.யூ.ல ஏதாவது பயங்கரமாத் தெரிஞ்சுதாம்மா? சிலர் சொல்றதுக்கே வெக்கப்படுவாங்க, அதனாலதான் கேக்கறேன்” என்றார். அவர் அன்பாகத்தான் கேட்டார். கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஐ.சி.யூ. அறையின் மூலையில் எங்கள் தலைமையாசிரியை வாணலி வைத்து பஜ்ஜி சுட்டார். நர்ஸ் மேஜைக்கு அடியில் வண்டலூர் வெள்ளைப்புலி படுத்திருந்தது, வால் மட்டும் வெளியே தெரிந்தது. அப்புறம் தினேஷ்.

“இதுக்குப் பேர் டெலிரியம்” என்றார் (கடும் நோயாலும் மயக்க மருந்துகளாலும் தூக்கமின்மையாலும் வரும் தற்காலிக மனக்குழப்பம்). “நிறையப் பேருக்கு வரும். பழைய ஞாபகத்தை எடுத்து மூளை கலந்து காட்டும். பயப்படாதீங்க.”

எனக்குப் பயம் இல்லை. கணக்குதான் உதைத்தது. மூன்று காட்சிகள், ஒரே மருந்து, ஒரே மூளை. புலி பொய் என்றால் மகனும் பொய். ஈரத்தலையும் “அப்பா எங்க” என்ற கேள்வியும் நானே பார்த்தவை, கேட்டவை. என் ஞாபகத்தையே எனக்குத் திருப்பிக் காட்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்து, தப்பான விடையைக் கரும்பலகையில் விட்டுவிட்டு நான் வகுப்பைவிட்டு வெளியே வந்ததில்லை. அந்தத் திமிர்தான் எனக்கு வினையாக வந்தது.

அன்று மாலை காபி குடிக்கும்போது அவரிடம் சொன்னேன். டாக்டர் சொன்னதை, பஜ்ஜியை, புலியை, எல்லாவற்றையும் வரிசையாக.

“புலி வேற” என்றார். “அவன் வேற.”

“எப்படிங்க வேற? ரெண்டையும் ஒரே கண்ணாலதானே பாத்தேன்? நீங்கதானே சொல்வீங்க, போனா போனதுதான்னு?”

இந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது. அத்தனை அமாவாசையும் பேப்பரை விரித்து மறைத்துக்கொண்டாரே என்ற கோபம் அதில் இருந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“சரி” என்றார்.

அதற்குப் பின் ஆம்லெட் இல்லை. மட்டை பீரோவுக்கு மேலே போனது. மதியங்களில் அவர் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பார். என்னிடம் கோபப்படவில்லை, மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துக்கொடுத்தார். உப்பில்லாமல் சமைக்கக் கற்றுக்கொண்டார். மகனை அவர் இரண்டாவது முறை இழந்தார். முதல் முறை காரணம் ஒரு கொசு. இரண்டாவது முறை காரணம் நான்.

நூர்ஜஹான் அக்காவிடம் மட்டும் இதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். “அவரு ஒங்கள ஒண்ணும் நிரூபிக்கச் சொல்லலியே டீச்சர்” என்றார். உண்மைதான். பரீட்சை எழுதுகிற பிள்ளையைப்போல நான்தான் கேட்காத கேள்விக்கு விடை எழுதியிருக்கிறேன்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஐ.சி.யூ.விலிருந்து திரும்பிய ஒருவர் இருக்கலாம். அவர் கண்டதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களே அப்படித் திரும்பியவர் என்றால் ஒன்று சொல்வேன். நீங்கள் கண்டது என்ன என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும். வேறொருவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றால், உடனே போய்ப் பிடுங்காதீர்கள். மருத்துவம் விளக்கம் சொல்லும், அதை யாரிடம் எப்போது சொல்ல வேண்டும் என்று சொல்லாது.

சில மாதங்கள் கழித்தும் என் இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் தேறவில்லை. ஐ.சி.டி. (இதயம் தாறுமாறாகத் துடித்தால் தானே மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவி, தோலுக்கு அடியில் வைப்பார்கள்) பொருத்த வேண்டும் என்றார்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வோம் என்றார்கள்.

அன்று காலை அறுவை அரங்கத்துக்கு முன்னால் தாழ்வாரத்தில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தினார்கள். வளையலைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் குனிந்தார். என் போர்வையைச் சரிசெய்யப் போகிறார் என்று நினைத்தேன்.

“சுமதி, ஒருவேளை அவனைப் பாத்தா...” என்று நிறுத்தினார். தாழ்வாரத்தில் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். “வேற எதுவும் கேக்காத. நான் வெளியிலதான் இருக்கேன்னு மட்டும் சொல்லு.”

நான் தலையாட்டினேன். கதவு திறந்து என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒன்றையும் பார்க்கவில்லை. கண்ணை மூடினேன், திறந்தேன், அவ்வளவுதான். ஆனால் விழித்ததும் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டேன். முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவள், ஒரே ஒரு சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். “சொல்லிட்டேங்க.” அவர் கேட்டால் போதும்.

அவர் உள்ளே வந்தார். “வலிக்குதா?” என்றார். “தண்ணி குடிக்கலாமான்னு கேட்டுட்டு வரேன்” என்றார். வளையலை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். கடைசிவரை கேட்கவில்லை. என்னைப் பொய் சொல்லவைக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். நானாகச் சொல்லியிருக்கலாம். “நிஜமாவா?” என்று அவர் முகம் பார்த்துக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து சும்மா இருந்துவிட்டேன். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் அதற்கான நேரம் கடந்துபோயிருந்தது.

இப்போது என் இடது காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு இருக்கிறது. ஜாக்கெட் அதன்மேல் உரசும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. முன்பெல்லாம் என் காலத்தைக் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று பரீட்சைகளால் அளந்தேன். இப்போது அதற்குள் இருக்கும் பேட்டரிதான் என் காலம். சில வருடங்களில் அதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

என்றாவது ஒரு நாள் எந்தக் கருவியாலும் திருப்பிக் கொண்டுவர முடியாதபடி நான் போவேன். அங்கே யாரும் இல்லை என்றுதான் நான் இப்போதும் நினைக்கிறேன். காத்திருக்கிறார்கள் என்கிறார் நூர்ஜஹான் அக்கா. அவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால், நான் வெறும் வாயோடு போய் நிற்கக் கூடாது. என் கணவர் என்னை நம்பி ஒரு வார்த்தை கொடுத்தனுப்பினார், அதை நான் இன்னும் சேர்ப்பிக்கவில்லை. மறந்துவிடக் கூடாது என்று, காலையில் கண் விழித்ததும் அந்த மேட்டின்மீது கை வைத்து ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா வெளியிலதான் இருக்கார்டா.