அப்பா எழுந்து நின்ற மாலை

ஹெல்கா அன்ரி கோப்பிக்கொட்டை அரைத்தால், டோர்செட் பார்க் அடுக்குமாடியின் பொரித்த மீன் வாசத்தையெல்லாம் தள்ளிக்கொண்டு அந்த மணம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் கேத்திலோடு அவரும் வருவார். எதிர்வீட்டுக்காரர், கிழக்கு ஜேர்மனியில் பிறந்தவர். அப்பா யாழ்ப்பாணத்து இடதுசாரி. கட்சி அனுப்பி அதே நாட்டில் அச்சுத்தொழில் படித்தவர். ரொறன்ரோவில் அந்தப் படிப்பை எவரும் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிவிட்டு முகம் வாடி வரும் மனிதர், அன்ரியோடு ஜேர்மன் பேசும்போது மட்டும் வாய்விட்டுச் சிரிப்பார். "இந்த ஊரிலை உங்களுக்கு வாய்ச்ச ஒரே சிநேகிதம் உந்த மனிசிதான்" என்று அம்மா பகிடி பண்ணுவார். அதில் பொய்யில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பனிக்காலம். பேர்லின் சுவர் விழுந்து, கிழக்கு ஜேர்மனி என்ற நாடே இல்லாமற்போய், அதன் பழைய தலைவர்களைப் பேர்லினில் கூண்டில் ஏற்றியிருந்தார்கள். சுவரைத் தாண்டப் பார்த்தவர்களைச் சுட வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அப்படிச் சுடப்பட்டவர்களில் அன்ரியின் தம்பியும் ஒருவர். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வழக்கின் செய்தியைத் தனியே இருந்து பார்க்க மனமில்லாமல் அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

ரீவியில் வயதான தலைவர் நீதிமன்றத்துக்குள் வந்து முஷ்டியை உயர்த்தினார். அப்பா சட்டென்று எழுந்து நின்றார். அவர் இளமையில் போன கட்சிக் கூட்டங்களில், "தோழர்" மேடையேறி முஷ்டியை உயர்த்தினால் எல்லோரும் எழும்பவேண்டும். அது உடம்பில் ஊறிய பழக்கம். எழுந்த பிறகுதான் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. அன்ரி கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

"செத்த பெடியன்ரை அக்கா பக்கத்திலை இருக்க, எழும்பி நிண்டிட்டியளே" என்று அம்மா அழுதார்.

"நான் எழும்பேல்லை. கால் தானா எழும்பிட்டுது" என்றார் அப்பா.

தைமாதம், தலைவருக்குக் கடும் நோய் என்று சொல்லி வழக்கை நிறுத்திவிட்டார்கள். அப்பா அன்ரியின் கதவைத் தட்டினார். நான் அவர் கையைப் பிடித்தபடி நின்றேன். அவர் ஜேர்மனில் மன்னிப்புக் கேட்கக் கேட்க, அன்ரி ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அவர்களிருவருக்கும் நடுவே ஆங்கிலம் வந்தது அன்றுதான்.

"உங்கள் தலைவர் வீட்டுக்குப் போய்விட்டார். நீங்களும் போங்கள்."

அந்த வசந்தத்தில் அன்ரி வீடு மாறிப் போனார். எங்கே என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது நாங்கள் ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் இருக்கிறோம், அப்பாவும் எங்களோடுதான். என் மகள் பள்ளிக்கூடத்தில் ஜேர்மன் எடுத்திருக்கிறாள். போன கிழமை ஒரு வசனத்துக்கு அர்த்தம் கேட்டு அவரிடம் போனாள். "எனக்கு உந்தப் பாசை தெரியாது, பிள்ளை" என்றார். அம்மப்பா ஒருநாளும் அது படிக்கவில்லை என்று அவள் நம்பிவிட்டாள். நான் திருத்தவில்லை.