என் மேல் வந்தது ஆத்தா இல்லை

படவேட்டு ரேணுகாம்பாளை நம்பும் எல்லாருக்கும் ஆரணியிலிருந்து ஒரு நெசவுக்காரி எழுதுகிறேன். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. அதனால் எழுத்தில் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம். மூச்சிரைப்பு முற்றி, தறியில் உட்கார முடியாமல் போனது. ஊரில் ஒரு டாக்டர் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். ரொம்ப முடியாவிட்டால் இன்னொன்றும் போட்டுக்கொள்ளச் சொன்னார். மூச்சு வந்தது. தூக்கம் போனது.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் விடாமல் பேச ஆரம்பித்தேன். சிரிப்பேன், உடனே அழுவேன். ஒரு நாள் வீட்டுக்காரரை "யோவ்" என்று கூப்பிட்டேன். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா வந்துட்டா. இவளுக்கு ஏது இவ்ளோ வாயி?"

"மாத்திரை போட்டதுலேர்ந்துதான் இப்படி ஆவுது" என்றேன்.

"பாரு, ஆத்தா நம்மள சோதிக்கிறா."

நான் எதைச் சொன்னாலும் அது ஆத்தா சொன்னதாகவே ஆனது. அந்த எரிச்சல் இன்னும் எனக்கு ஆறவில்லை.

வெள்ளிதோறும் என்னைப் பலகையில் உட்காரவைத்துச் சாம்பிராணி போட்டார்கள். அந்தப் புகையில் மூச்சு அடைக்கும். இன்னொரு மாத்திரை போடுவேன். ஆத்தா இன்னும் உக்கிரமாக வருவாள். இதை யாரிடம் சொல்லி அழுவது?

ஒரு வெள்ளியன்று பக்கத்துத் தெரு பரிமளா, காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு வந்தாள்.

"தாயே, ஆஸ்பத்திரிக்கு போவணுமா? உன் துண்ணூறே போதுமா?"

'போதும்' என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் அதை நம்பிக் குழந்தையை வீட்டிலேயே வைத்துக்கொள்வாள். மனதுக்குள் கதறினேன். 'ரேணுகாம்பா, என் மேல் இருப்பது நீயானால் நீ பேசு. இல்லையென்றால் என் வாயைக் கட்டு.'

வாய் கட்டிப்போனது. எத்தனையோ வாரங்களில் முதல்முறையாக ஒரு சொல்கூட வரவில்லை.

"மலையேறிட்டா" என்று மாமியார் சலித்துக்கொண்டு கற்பூரத்தை அணைத்தார்.

அதன் பிறகுதான் என் பழைய சின்னக் குரல் வந்தது. "ஆஸ்பத்திரிக்கு போ பரிமளா. என்னையும் கூட்டிக்கினு போ."

ஆத்தா மலையேறிவிட்டதால் அதை என் பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் எங்கள் எல்லாரையும் வேலூர் பஸ்ஸில் ஏற்றி, தானும் வந்தார். குழந்தை பிழைத்தது. அங்கிருந்த டாக்டரம்மா என்னிடம், "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றார். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி.

"இது ஸ்டீராய்டும்மா. சில பேருக்கு மனச இப்படி ஆட்டிவைக்கும். நீங்களா நிறுத்திடாதீங்க. கொஞ்சங்கொஞ்சமா குறைக்கலாம்."

அவர் சொன்னபடி குறைக்கக் குறைக்கத் தூக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன்.

ஆடிதோறும் படவேடு போகிறேன். புகை படாத ஓரமாக நின்று கும்பிடுகிறேன். உங்களுக்கும் கஷ்டம் வந்தால் அவளிடம் கேளுங்கள். டாக்டரிடம் போகும்போது மாத்திரையையும் கையோடு கொண்டுபோங்கள். என் மேல் வராமலே என்னைக் காத்தவள் உங்களையும் காப்பாள்.