அருக்காணியக்கா தர மறுத்த தண்ணீர்

போன வாரம் எங்கள் ஊர் கணபதியில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து இலைக்காரர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னே சிரிப்பு வராதா? ஒரு சொம்புத் தண்ணீரால் என் முதல் கேஸ் கவிழப் பார்த்ததே!

கேஸ் என்றால்... நான் அப்போது வக்கீலே இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐம்பதுகளின் கடைசி. மெட்ராஸில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்தால், கணபதியில் எங்கள் தெருப் பொதுக்கிணறு பாழாகிக் கிடக்கிறது. புதிதாக வந்த சாயப்பட்டறைக் கழிவின் உபயம். தெருக் குழந்தைகளுக்கெல்லாம் வயிற்றுக் கடுப்பு.

பொதுமக்களுக்குத் தொல்லை என்றால் யார் வேண்டுமானாலும் மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கலாம் என்று அப்போதுதான் படித்திருந்தேன். படித்ததைச் சும்மா விடுவேனா? எழுதினேன். தெருவே கையெழுத்துப் போட்டது. "ஃபீஸ் தராத கட்சிக்காரனத் தேடிப் போற வக்கீல இப்பத்தான் பாக்கறேன்" என்று அப்பா கிண்டலடித்தார்.

மாஜிஸ்திரேட் நேரில் பார்க்க வருவதாகத் தகவல். பட்டறை முதலாளி லேசுப்பட்டவரா? முன்கூட்டியே கழிவை நிறுத்திவிட்டார். கிணறு பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. வாயில் வைத்தால்தான் வண்டவாளம் தெரியும்.

நான் கவலைப்படவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வந்தவருக்கு 'வாங்க' சொன்ன கையோடு தண்ணீர்தானே? கிணற்றடி வீடு அருக்காணியக்காவுடையது. மாஜிஸ்திரேட் ஒரு வாய் குடிப்பார், முகம் சுளிப்பார் — ஜெயித்தோம்!

மாஜிஸ்திரேட் வந்தார்; கூடவே பட்டறை முதலாளியும். அக்கா சொம்பை நீட்டினார். மாஜிஸ்திரேட் குடித்தார்.

"அருமையான தண்ணி! இதுக்கா மனு?"

முதலாளி மீசையைத் தடவிக்கொண்டார். நான் அக்கா பக்கம் திரும்பினேன்.

"ஏனுங்கக்கா, இது எந்தத் தண்ணிங்க?" என்றேன்.

"டவுன் எல்லைல சிறுவாணிக் குழாய்ல புடிச்சாந்தேன் கண்ணு. ஊட்டுக்கு வர்றவங்களுக்கு அந்தக் கெணத்துத் தண்ணியவா குடுக்கறது?"

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். "அப்ப நீங்க குடிக்கறது?"

"கெணத்துத் தண்ணிதானுங்க. வேற எங்க போறதுங்க?"

"அதுல ஒரு டம்ளர் குடுங்க."

"மாட்டனுங்க சாமி."

"சரி, இவருக்குக் குடுங்க." முதலாளியைக் காட்டினார்.

அக்கா பதறிப்போனார். "அய்யோ, வேண்டாமுங்க! அவருக்கு வயிறு கெட்டுப்போகுமுங்க. அவரும் எங்க ஊட்டுக்கு வந்தவருதானுங்களே!"

முதலாளியின் கை மீசையிலிருந்து இறங்கிவிட்டது. கழிவுக்கு வேறு வழி செய்யும்வரை பட்டறை ஓடக் கூடாது என்று உத்தரவு வந்தது. தெருவில் பட்டாசு வெடித்தார்கள். நான் சுப்ரீம் கோர்ட்டிலேயே ஜெயித்துவிட்டவன் போல மார்பை நிமிர்த்தி நடந்தேன். ஆனால் ஒன்று... எதிராளியின் வயிற்றுக்காகப் பதறும் சாட்சி எல்லா வக்கீலுக்கும் கிடைக்குமா?

போன வாரக் கல்யாணம் அருக்காணியக்கா மகளுக்குத்தான். பந்தி பந்தியாக ஊற்றியதெல்லாம், கழிவு நின்று சுத்தமாகிவிட்ட அதே கிணற்றுத் தண்ணீர். என் பக்கத்து இலைக்காரர் யார் என்கிறீர்கள்? அந்தப் பட்டறை முதலாளியேதான்! அக்காவே வந்து அவர் டம்ளரை நிரப்பினார்:

"இப்பத் தாராளமாக் குடிங்க... நம்ம கெணத்துத் தண்ணிதானுங்க!"