கோழிக்கூண்டுக்கு மேலே ஒரு ஸ்டார்

அந்த வருடம் கார்த்திகை மழையோடு எங்கள் செவலைக் கோழி முட்டையிடுவதை நிறுத்திக்கொண்டது. ஆம்பூரில் முட்டையிடாத கோழியின் கதி எல்லோருக்கும் தெரியும். அப்பா தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கறேன். அப்புறம் பிரியாணிதான்."

அந்தக் கோழி என் உயிர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் பின்னாலேயே சுற்றும். ஆகவே கிடைத்தவர்களிடமெல்லாம் வைத்தியம் கேட்டேன். டேனரியில் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போடும் வேலை செய்த அப்பா, சுண்ணாம்புச் சத்து கம்மி என்றார். பந்தி என்றால் முதல் ஆளாக உட்காரும் மாமா, தீனி ஜாஸ்தியாகிக் கொழுத்துவிட்டது என்றார். பக்கத்து வீட்டு பாயம்மா, "நஜர் பட்டுட்டிச்சுமா" என்று கண்ணேறு மேல் பழி போட்டார். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன், தீனியைக் குறைத்தேன், மிளகாயும் சுற்றிப் போட்டாயிற்று. கோழி எதற்கும் மசியவில்லை.

டிசம்பர் பிறந்ததும் அப்பா வழக்கம்போல் காகித ஸ்டார் வாங்கி வந்தார். மழையில் வாசல் சுவிட்சில் கரண்ட் அடித்ததால், கொல்லை முருங்கை மரத்தில், சரியாகக் கோழிக்கூண்டுக்கு மேலே அதைக் கட்டிவிட்டார். தெருவுக்கே தெரிய வேண்டிய ஸ்டார் கோழிக்கு மட்டும் தெரிந்தது.

"இன்னா மச்சான், உங்க வூட்ல கோழிக்குத்தான் கிறிஸ்துமஸா?" என்று மாமா கிண்டலடித்தார்.

நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பண்டிகைக்கு முந்தைய நாள் கூண்டுக்குள் கையை விட்டேன். இளஞ்சூடாக ஒன்று விரலில் பட்டது. முட்டை! மாட்டுத் தொழுவத்துக்கு மேலே வந்து நின்ற நட்சத்திரத்தின் கதையைச் சர்ச்சில் கேட்டு வளர்ந்தவள் நான். அது எங்கள் கொல்லைக்கும் வந்துவிட்டது என்பதில் சந்தேகமே இல்லை. முருங்கை மரத்தடியில், சேற்றிலேயே முழங்காலிட்டேன். அப்பா கத்தியை உள்ளே வைத்துவிட்டு பிராய்லர் வாங்கி வந்தார்.

தெருவில் வேறு எந்தக் கோழியும் முட்டையிடாத அந்தக் குளிரில் எங்களுடையது மட்டும் இட்டுக்கொண்டே இருந்தது. பொங்கல் நெருங்கியும் ஸ்டாரை அவிழ்க்க நான் விடவில்லை.

அம்மா ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தாள். அவசர ஆர்டர் என்று அப்போது தினமும் ஓவர்டைம். இருட்டிய பிறகுதான் கம்பெனி பஸ் கொண்டுவந்து விடும். ஒரு நாள் அப்படி வந்தவள் கால் கழுவக் கொல்லைக்குப் போனாள். ஸ்டார் வெளிச்சத்தில் கோழி இன்னும் அடையாமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீயும் இன்னும் வூட்டுக்குப் போவலயா?" என்று அதனிடம் கேட்டுவிட்டு சுவிட்சை அணைத்தாள்.

"அணைக்காதம்மா! ஸ்டார் இல்லன்னா முட்ட வராது" என்று அழுதேன்.

"வராட்டி போவுது. யாரும் அத அறுக்க மாட்டாங்க, நான் பாத்துக்கறேன். தூங்கட்டும் விடு."

வெளிச்சம் நீண்டால் பகல் இன்னும் முடியவில்லை என்று நம்பி, கோழியின் உடம்பு ஓயாமல் முட்டையிட்டுக்கொண்டே இருக்குமாம். அதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், கண்ணெதிரே நடந்த அற்புதத்தை அம்மா ஒரே விரலால் அணைத்துவிட்டாள் என்பதுதான். அதன் பிறகும் அவள் ஏன் உள்ளே வராமல், அந்த இருட்டில் கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்குப் புரியவில்லை.