அளக்காத பொடிமீன்

சாமளாபுரம் பக்கத்தில் ஒரு குளத்துக்கு மூன்று மாதம் மீன் கணக்கெடுக்கப் போனேன். விலங்கியல் படித்ததற்குக் கிடைத்த தற்காலிக வேலை. வாரம் ஒரு காலை, பரிசல்காரர் மூன்று வலைகளை இழுத்து வருவார். ஒவ்வொன்றிலும் கண்ணி, அதாவது வலைத் துளை, வெவ்வேறு அளவு. விழுந்த மீன்களை அளவுப் பலகையில் வைத்து நீளம் குறிப்பேன். எந்தக் கண்ணி வலையை அனுமதிப்பது, எப்போது மீன்பிடிக்கத் தடை போடுவது என்று அலுவலகம் அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கும்.

முதல் நாளே, எனக்குச் சின்ன மகள் இருப்பதைக் கேட்டறிந்த பரிசல்காரர், பொடிக்கண்ணி வலையைப் பிரித்தபடி அதில் விழுந்த விரல் நீளக் குஞ்சுகள் எல்லாவற்றையும் பையில் போட்டு நீட்டினார்.

"கண்ணுக்கு ஆக்கிக் குடுங்க அம்மணி."

"இதையும் அளக்கோணுங்ணா."

"இத்துனூண்ட அளக்கறதுக்குள்ள பொழுது போயிருமுங்க. மொதப் பிடி கொளந்தைக்குத்தானுங்க. எங்கூட்லயும் அப்படித்தான்."

மறுத்தால் மனம் நோவாரோ என்று வாங்கிக்கொண்டேன். அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. இரண்டு வயது மகளுக்கு எடையே ஏறவில்லை. முள் நீக்கிச் சோற்றில் பிசைந்தால் வாயைத் திறந்தாள். பிறகு எல்லா வாரமும் நான் கொண்டுபோன பையில் குஞ்சுகள் விழுந்தன. ஒரு பிடிதானே என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் மாத முடிவில் அதிகாரி அழைத்தார்.

"பெரிய மீன்தான் இருக்கு, குஞ்சே காணோம். அந்தக் குளத்துல மீன் பெருகலீங்க. ஒரு வருஷம் தடை போட எழுதப் போறோம்."

பரிசல்காரருக்கு வேறு தொழில் கிடையாது. பையைப் பற்றி அங்கேயே சொல்லிவிட்டேன். அதிகாரி திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொரு தடவை வலை போடுங்க. எல்லாமே பலகைக்கு வரணும். குஞ்சு இருந்தா தடை வேண்டாம்."

அந்த வாரம் சாயப்பட்டறைக் கழிவு கலந்து குளத்தோரம் நுரை ஒதுங்கியிருந்தது. பொடிக்கண்ணி வலையைப் பரிசல்காரர் நுனிவரை பிரித்தார். உதறினார். மறுபடி முதலிலிருந்து பிரித்தார்.

"போன வாரங்கூட இருந்துச்சுங்களே அம்மணி."

என் கையைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் பையைக் கொண்டுவந்திருந்தேன்.

குஞ்சு என்ற கட்டத்தில் பூச்சியம் எழுதினேன். இனி தடைதான் என்று அவரிடம் நானே சொல்ல வேண்டியிருந்தது. முந்தைய வாரங்களின் எண்ணிக்கையை ஞாபகத்திலிருந்தாவது எழுதலாமா என்று யோசித்தேன். ஒரு பிடியில் எத்தனை குஞ்சு இருந்தது என்று ஒரு நாளும் நான் எண்ணியதில்லை.